பாபின் மாற்றும் நேரத்தில் ஒரு மூச்சு

பிலாட்டீஸ் பயிற்சிக்குப் புதிதாக வரும் ஷூ கம்பெனிப் பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுகிறார்கள்: "டீச்சரம்மா, தொப்பை குறையுமா? முதுகுவலி எத்தனை நாளில் போகும்?" தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பிகள் கேட்பது வேறு: "இது பொம்பளைங்க பண்றதாச்சே, எங்களுக்கு எதுக்கு?" ஆளுக்கு ஆள் பதில் சொல்லி மாளவில்லை. பிசியோதெரபி படித்துவிட்டு, இந்தப் பாலாற்றங்கரை ஊர்களின் கழுத்துவலியையும் இடுப்புவலியையும் பார்த்தே தலை நரைத்தவள் நான். அந்த உரிமையில் எழுதிக் கொடுக்கிறேன். பாய் விரிக்கும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

1. இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். பிலாட்டீஸ் என்றதும், சினிமா நடிகைகள் பெரிய கண்ணாடிக்கு முன்னால் ஸ்பிரிங் வைத்த மெஷினில் செய்வதுதான் உங்கள் நினைவுக்கு வரும். போனில் அதைத்தான் காட்டுகிறார்கள். ஜோசப் பிலாட்டீஸ் ஒரு மனிதர். 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் என்று நோஞ்சானாக வளர்ந்தவர். முதல் உலகப்போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மன்காரர் என்பதால் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த அந்த முகாமில், கூட அடைபட்டிருந்தவர்களுக்குத் தரையில் படுத்தபடி செய்யும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்குக் கட்டிலிலேயே ஸ்பிரிங் மாட்டிவிட்டார் என்றும் சொல்வார்கள். 1926-இல் நியூயார்க் போய், கிளாரா என்ற துணைவியோடு எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் வைத்தார். மார்த்தா கிரஹாம் போன்ற பெரிய நடனக்காரர்கள் அங்கே வந்தார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. 1945-இல் வந்த அவருடைய புத்தகத்தில் 34 பயிற்சிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தரையில் ஒரு விரிப்பின் மேலேயே செய்துவிடலாம். லட்சக்கணக்கில் மெஷின் வாங்க வேண்டாம். முகாம் கொட்டகையில் பிழைத்த பயிற்சி, பத்துக்குப் பத்து வாடகை அறையிலும் பிழைக்கும். தம்பிகளுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: கண்டுபிடித்தவரும் ஆண், முகாமில் முதலில் பழகியவர்களும் ஆண்கள்.

2. எண்ணிக்கையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். கம்பெனியில் காலை முதல் சாயங்காலம் வரை டார்கெட்தான். மணிக்கு இத்தனை ஜோடி ஷூ என்று போர்டில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் பாயில் படுத்ததும் "இருபது முடிச்சிட்டேன் டீச்சர்" என்று குரல் கொடுக்கிறீர்கள். இருபதைக் கேட்டு நான் சந்தோஷப்படப் போவதில்லை. நாலு செய்யுங்கள், நாலிலும் நீங்கள் இருங்கள்.

ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும்போது ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் மனசு குழுக்கடன் தவணைக்குப் போனால் ஊசி விரலில் ஏறிவிடும். அதனால் போவதில்லை. பெருநகரங்களில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று பெயர் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு வகுப்பு எடுக்கிறார்கள். ஸ்டிச்சிங் லைனில் பழகியவளுக்கு அது ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. இத்தனை காலமும் அதைத் தோலுக்கு மட்டும் கொடுத்துவந்தீர்கள். தையலுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை ஒரு இருபது நிமிடம் உங்கள் முதுகெலும்புக்குக் கொடுங்கள். எந்த எலும்பு தரையைத் தொடுகிறது, எது தொடவில்லை, எந்தப் பக்கத் தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். நான் சொல்லித்தருவதெல்லாம் இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைச் செய்யும் வழி.

3. மூச்சில் தொடங்குங்கள், ஆனால் எங்கே மூச்சு விடுகிறோம் என்று பார்த்துத் தொடங்குங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இரண்டு உள்ளங்கையையும் விலா எலும்பின் மேல் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிந்து கையைத் தள்ள வேண்டும். தோள் மேலே ஏறக் கூடாது. வெளியே விடும்போது மெதுவாக, இழுத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். கடைசியில் அடிவயிறு தானாக உள்ளே போகும். அந்த இடத்தில்தான் முதுகைத் தாங்குகிற ஆழமான வயிற்றுத் தசை வேலைக்கு வருகிறது. நாளெல்லாம் குனிந்து உட்காருகிறவர்களுக்கு நெஞ்சின் மேல்பகுதியிலேயே மூச்சு நின்றுவிடுகிறது. பயந்தவர் மூச்சுவிடுவதும் அப்படித்தான். உடம்பு அதைப் பயம் என்றே எடுத்துக்கொள்கிறது. நீளமாக வெளிவிடும் மூச்சு இதயத்துடிப்பைக் கொஞ்சம் இறக்கிவிடும். மந்திரம் எதுவும் கிடையாது, நரம்பு மண்டலம் அப்படி அமைந்திருக்கிறது.

இதைச் சொல்யூஷன் தடவுகிற செக்‌ஷனில் உட்கார்ந்து செய்யாதீர்கள். பசையின் ஆவியை ஆழமாக இழுப்பதால் யாருக்கும் நல்லது நடக்காது. தோல் ஷாப்புத் தம்பிகளுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தொட்டிப் பக்கம் வரும் அழுகின முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சம் அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதென்றால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள்; அங்கே நிற்காமல் வெளியே வாருங்கள். மூச்சுப்பயிற்சி வீட்டு மொட்டை மாடியில், விடியற்காலையில்.

இடையில் ஒன்று. மூச்சைப் பற்றி அவ்வளவு எழுதிய ஜோசப் பிலாட்டீஸுக்குச் சுருட்டுப் பழக்கம் இருந்தது, 1967-இல் நுரையீரல் நோயால்தான் இறந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பீடி பிடிக்கிற தம்பிகள் இதையும் சேர்த்துப் படிக்கவும்.

4. புத்தகத்தில் உள்ள வரிசையை அப்படியே செய்ய வேண்டாம். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. அந்த 34 பயிற்சிகளில் பாதிக்குமேல் முன்பக்கம் சுருண்டு செய்பவை. 'ஹண்ட்ரட்' என்ற முதல் பயிற்சியிலேயே தலையைத் தூக்கிக் காலை நீட்டிக்கொண்டு, ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட்டு, கையை நூறு தடவை தட்ட வேண்டும். எட்டு மணி நேரம் ஊசியைக் குனிந்து பார்த்துவிட்டு வந்த கழுத்துக்கு இது முதல் பாடமாக வேண்டுமா? முதல் சில மாதம் தலை தரையிலேயே, மடித்த துண்டின் மேல் இருக்கட்டும். காலும் மடங்கியே இருக்கட்டும். மூச்சும் கையும் மட்டும் போதும்.

ஸ்டிச்சிங் பெண்களுக்கு நான் முதலில் கொடுப்பது குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் 'ஸ்வான்'. நெற்றிக்குக் கீழே கை, முகம் தரையைப் பார்த்து. மூச்சை இழுத்துக்கொண்டே நெஞ்சுக்கூட்டை மட்டும் நாலு விரல் உயரம் தூக்க வேண்டும். கழுத்தை அண்ணாந்து எல்.ஐ.சி. கட்டிடம் பார்க்கிற மாதிரி மடிக்காதீர்கள். தூக்குகிற வேலையைத் தோள்பட்டைக்கு நடுவில் உள்ள முதுகு செய்ய வேண்டும். இடுப்பு கிள்ளினால் உயரத்தைக் குறையுங்கள். நாளெல்லாம் முன்னால் வளைந்த முதுகுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வழி இருக்கிறது என்று இதுதான் ஞாபகப்படுத்தும். அடுத்தது உட்கார்ந்து இடமும் வலமும் திரும்புவது. பெடலை எப்போதும் ஒரே காலால் மிதிப்பதால் இடுப்பு ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருக்கும், அதை இந்தப் பயிற்சியில் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

ஈரத்தோல் தூக்குகிற தம்பிகளுக்கு வேறு கணக்கு. 'ஷோல்டர் பிரிட்ஜ்' என்று, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி, முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்குவது. பின்தொடையும் பிட்டத் தசையும் விழித்துக்கொண்டால்தான் டிரம்மிலிருந்து இழுக்கும்போது முதுகு தனியாக அடிவாங்காது. உடம்பு கட்டுமஸ்தாக இருக்கிறதே என்று இதைச் சின்னதாக நினைக்காதீர்கள். மெதுவாக இறக்கச் சொன்னால் பாதிப்பேர் தொப்பென்று விழுகிறார்கள்.

5. வலி வந்தால் நிறுத்துங்கள், கேளுங்கள். இதைச் சொல்ல வேலூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1946-இல் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் எப்படிப் போகின்றன என்று பொறுமையாகக் கவனித்தார். சதை தானாக அழுகி உதிர்வதாகத்தான் அதுவரை நினைத்திருந்தார்கள். நோய் நரம்பைக் கொல்கிறது, வலி தெரிவதில்லை, சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் ஆணி ஏறினாலும் உணர்வில்லை, அந்தக் காயங்களால்தான் விரல் போகிறது என்று அவர் காட்டினார். தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரியிலும் வேலூரிலும் அந்த நோயாளிகளின் பாதத்துக்காக மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு பழக்கத்துக்கு வந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான். உலகத்துக்கெல்லாம் ஷூ தைக்கும் நம் பக்கத்தில், நான் பெருமைப்படும் காலணி அது.

தசை உழைக்கும்போது எரிச்சலும் நடுக்கமும் இருக்கும். அது வரட்டும். சுருக்கென்று குத்துவது, காலுக்கோ கைக்கோ கரண்ட் மாதிரி இறங்குவது, விரல் மரத்துப்போவது, இவை வேறு. "பல்லைக் கடிச்சிக்கிட்டுச் செய்" என்று சொல்லும் ஆசிரியரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

6. உடுப்பும் நேரமும். சுடிதார் போதும், நைட்டியோடு வந்தால் காலைத் தூக்கும்போது உங்களுக்கே சங்கடம். ஆண்கள் லுங்கியை வீட்டில் விட்டுவிட்டு வரவும். வெயில் காலத்தில் நம் மொட்டை மாடி ராத்திரி எட்டு மணிக்கும் சுடும், ஆகவே காலை ஐந்தரை. நோன்பு மாதத்தில் பகலில் கடுமையாக எதுவும் வேண்டாம், மூச்சும் கழுத்தும் மட்டும்.

7. கம்பெனிக்குள்ளேயே பயிற்சி உண்டு. பாபின் தீர்ந்து மாற்றும்போது, இரண்டு பாதத்தையும் தரையில் பதியுங்கள். ஒரே ஒரு மூச்சு. தோளைக் காதிலிருந்து கீழே விடுங்கள். கடவாய்ப் பல் ஒன்றோடொன்று இறுகியிருந்தால் பிரியுங்கள். அவ்வளவுதான். டார்கெட் குறையாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. பாயில் செய்யும் இருபது நிமிடத்தைவிட இந்தச் சின்ன மூச்சுகள்தான் கழுத்தைக் காப்பாற்றுகின்றன என்பது என் எண்ணம், ஏனென்றால் கழுத்து கெட்டுப்போவதே அந்த ஸ்டூலில்தான். ராணிப்பேட்டையில் லாஸ்டிங் பார்க்கும் ஒரு பெண், கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இதைச் செய்வதாகச் சொன்னாள். தூங்கிவிடாமல் செய்தால் நல்லது.

8. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் ஒன்று. இருமினால், தும்மினால், கனமாகத் தூக்கினால் சிறுநீர் கசிகிறதா? பிள்ளை பெற்ற பெண்களில் நிறையப்பேருக்கு இருக்கிறது, ஒருத்தியும் வாய் திறப்பதில்லை. இடுப்புக்குள் அடித்தளம் போல் இருக்கும் தசைகள் தளர்ந்ததால் வருவது. மூச்சை வெளிவிடும்போது அந்தத் தசைகளைச் சிறுநீரை அடக்குவதுபோல் மெதுவாக மேலே இழுத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது தளரவிட வேண்டும். விடுவதும் முக்கியம். எப்போதும் இறுக்கிப் பிடித்திருப்பதும் நோய்தான். இதைச் செய்துகொண்டே, பாத்ரூம் போக அனுமதி கேட்கச் சங்கடப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ஒரு பயனும் இல்லை. தண்ணீர் குடியுங்கள், போக வேண்டியபோது போங்கள். கர்ப்பமாக இருப்பவர், சிசேரியன் ஆகிச் சில மாதமே ஆனவர், எலும்புத் தேய்மானம், ரத்த அழுத்தம் உள்ளவர் என்னிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எலும்பு மெலிந்தவர்களுக்குச் சுருண்டு உருளும் பயிற்சி கிடையவே கிடையாது. கர்ப்பிணிகள் மூன்று மாதத்துக்குப் பிறகு நீண்ட நேரம் மல்லாந்து படுக்கக் கூடாது.

9. மனசைப் பற்றி. சில பேர் பாயில் படுத்ததும் அழுகிறார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. நாளெல்லாம் சூப்பர்வைசர், மாமியார், தவணை வசூலுக்கு வருகிறவர் என்று ஒவ்வொருவர் முன்னாலும் உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு, முதல்முறையாக யாரும் ஒன்றும் கேட்காத ஒரு இடத்தில் படுத்தால் அப்படித்தான். அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். இது நம் வகுப்பின் விதி.

பிலாட்டீஸ் பழகுகிறவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் மனவாட்டமும் குறைவதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் அவை சின்னச் சின்ன ஆய்வுகள். நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னால், தூக்கம் முதலில் சரியாகிறது, அப்புறம் எரிந்துவிழுவது குறைகிறது. கோபம் வருமுன் வயிறு இறுகுவதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கண்டுபிடித்தபின் கத்தலாமா வேண்டாமா என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கிறது. அந்த ஒரு நொடியைத்தான் பயிற்சி வாங்கித் தருகிறது. கடனை அடைக்காது, குடிக்கிற புருஷனைத் திருத்தாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் போனாலோ, செத்துவிடலாம் என்று எண்ணம் வந்தாலோ பாயைச் சுருட்டி வைத்துவிட்டு 14416-ஐ அழையுங்கள். டெலி-மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் இருக்கிறது. அங்கே போவதில் அவமானம் ஏதுமில்லை.

10. பொய் வாக்குறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள். 2015-இல் காக்ரேன் என்ற உலக மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பு, கீழ்முதுகு வலிக்குப் பிலாட்டீஸ் பயன்படுகிறதா என்று 10 ஆய்வுகளை, 510 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட வலி குறைகிறது, நடமாட்டம் கூடுகிறது. மற்ற உடற்பயிற்சிகளைவிட உசத்தி என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே யோகா பிடித்தால் யோகா செய்யுங்கள், ஏலகிரி ஏறப் பிடித்தால் ஏறுங்கள். விடாமல் செய்வதே பலன். 2000-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, யோகா, கராத்தே போல பிலாட்டீஸும் பொதுப்பெயர், யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதனால் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். சேரும் முன், உங்கள் பழைய அடி, அறுவை சிகிச்சை, மாத்திரை பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

11. "எனக்கு வயசாயிடுச்சு, இனி வளையாது" என்பவர்களுக்கு டாக்டர் மேரி வர்கீஸின் கதையைச் சொல்வேன். சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்தபோது, 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படிக்க நியூயார்க் போனார். வயதான ஜோசப் பிலாட்டீஸ் எட்டாவது அவென்யூவில் இன்னும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த அதே காலம் அது. திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறையைத் தொடங்கினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. மீதமிருக்கும் தசையை வைத்து எழுந்து உட்காருவது எப்படி, மாறி உட்காருவது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்ததும் கவனத்தோடு செய்யும் பயிற்சிதான். பிலாட்டீஸ் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அந்த இடம்.

12. கடைசியாக, பயிற்சியை நாற்காலிக்கு ஈடாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதுகு சாயாத ஸ்டூலைப் போட்டுவிட்டு "யோகா பண்ணுங்கம்மா" என்று சொல்வது நியாயமில்லை. நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். கடைகளில் நாள்முழுக்க நிற்கும் ஊழியர்களுக்காக 2021-இல் தமிழ்நாடு அரசு தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உட்காரக் கேட்பது சலுகை கேட்பதாகாது. உங்களில் சிலர் நாளைக்கு லைன் சூப்பர்வைசர் ஆவீர்கள். அப்போது முதல் வேலையாக உயரம் மாற்றக்கூடிய, முதுகு சாய்கிற நாற்காலியை நிர்வாகத்திடம் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லைனை நிறுத்தி, எல்லாரையும் எழுந்து நிற்க வைத்து, ஐந்து மூச்சு விடச் சொல்லுங்கள்.